வாத்துக்கு ஏற்ற ஒயின்

“கொழுப்பு சொட்டுற வாத்துக்கு எவளாவது வெள்ளை ஒயின் வைப்பாளாடி?” என்று கத்திய லூபோர், கோப்பையை மனைவியின் தட்டில் கவிழ்த்தான். மாவுருண்டைகள் ஒயினில் மிதந்தன.

யார்மிலா தெறித்ததைத் துடைத்துக்கொண்டாள். “பழைய சிவப்பு ஒயின், ஃபிரான்கோவ்கா, பாதாள அறையில, அடிக்கோடியில இருக்குங்க. எனக்கென்ன தெரியும்? நீங்களே பார்த்து எடுத்துட்டு வாங்க.”

“நீ பொறந்தது ஒயினுக்குப் பேர்போன மொராவியாவுல. ஒயினைப் பத்திச் சொல்லித்தர பிராக் நகரத்துலேர்ந்து நான் வரவேண்டியிருக்கு!”

பாதாள அறைக் கதவோரம் இருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்துச் சிரித்தான். “உங்க வீட்டுல இன்னமும் இதைப் புடிச்சுக்கிட்டுத்தான் எறங்குறீங்களா?”

“அது அப்பா காலத்துப் பழக்கம். நீங்க டார்ச் எடுத்துக்குங்க. புது பேட்டரி போட்டு வெச்சிருக்கேன்.”

அவன் இறங்கினான். அவள் கதவைச் சாத்தினாள்.

கீழே இந்த வருடத்துத் திராட்சைச் சாறு பீப்பாய்களில் புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. அப்படிப் பொங்கும் நாட்களில் பாதாள அறையில் விஷக்காற்று தேங்கும். கையிலிருக்கும் சுடர் அணைந்தால் உடனே மேலே ஓடி வந்துவிட வேண்டும் என்று இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

டார்ச் அணையாது.

யார்மிலா வேறு தட்டு எடுத்து வாத்தின் தொடையைப் பிய்த்து வைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். வெள்ளை ஒயினே நன்றாகத்தான் இருந்தது.