கண்ணின் நிறம்

பகல் மூன்று மணி வெயில், மேசைமேல் கிடக்கும் பாடம் செய்த சின்னஞ்சிறு காட்டுக்குருவியின் உடலில் ஏறி நிற்கிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு. பாசிப்பச்சை முதுகு, துரு நிறத் தொண்டை எல்லாவற்றையும் ஓவியக்காரி தாளில் இறக்கிவிட்டாள். கண் மட்டும் வெள்ளையாக முழிக்கிறது. மாலைக்குள் படம் அச்சுக்குப் போயாக வேண்டும். அந்தக் குருவியை உயிரோடு பார்த்தவர் ஒரே ஒரு வனக்காவலர்தான். எப்படியோ தொலைபேசியில் அவரைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணே, அதோட கண்ணு என்ன நிறம்?"

"கைக்கெட்டுற தூரத்துலதாம்மா உக்காந்திருந்துச்சு. அது பாட ஆரம்பிச்சதும் நான் கண்ண மூடிக்கிட்டேன்."

திட்ட வாயெடுத்தவள் நிறுத்துகிறாள். அவருக்குப் பின்னால் மழை விட்ட காடு சொட்டும் ஓசை கேட்கிறது. அவள் இமைகளும் தாமாகத் தாழ்கின்றன. பிறகு மெல்லிய தூரிகையை எடுத்துத் தாளில் உள்ள குருவியின் கண்ணை மூடி வைக்கிறாள்.