தலையணை கற்றுக்கொண்ட குரல்

மூளையைச் சுற்றித் தேங்கியிருந்த பழைய ரத்தத்தை வடித்த பிறகு, தணிகாசலம் இரண்டு நாள் தலையைத் தூக்காமல் படுத்திருக்க வேண்டும். நினைவு தடுமாறி எழப் போகிறவர்களை ஆஸ்பத்திரித் தலையணையே வீட்டார் குரலில் பேசித் தடுத்துவிடும். மகள் தமயந்தி சம்மதித்ததும், அவள் அப்பாவோடு போனில் பேசிய ஒரு வருடப் பேச்சிலிருந்து அது குரலைக் கற்றுக்கொண்டது.

மறுநாள் காலை அவள் வார்டுக்குள் நுழைந்தபோது அப்பா முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"எத்தனை தடவைப்பா சொல்றது? பேசாம படுங்க!" என்று சிடுசிடுத்தது தலையணை. தமயந்தியின் குரலேதான்.

அவர் பதறிப்போய்ப் படுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "படுத்துட்டேம்மா. கோவிச்சுக்காத."

தமயந்திக்குக் காதெல்லாம் சுட்டது. "இதைக் கொஞ்சம் தன்மையாப் பேச வைக்க முடியாதா?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

"போன்ல நீங்க பேசினதை வச்சுத்தாங்க பேசுது," என்றாள் நர்ஸ், ரத்தம் வடியும் பையைப் பார்த்தபடி. "தன்மையாப் பேசினது ஏதாவது இருந்தா குடுங்க, மாத்திடலாம்."

தமயந்தி யோசித்துப் பார்த்தாள். பிறகு நர்ஸின் முகத்தைப் பார்க்காமல் கட்டிலருகே உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"வலிக்குதா?" என்று மெல்லக் கேட்டாள்.

அவர் கண்ணைத் திறக்காமலே கிசுகிசுத்தார். "சத்தம் போடாதீங்க சிஸ்டர். என் பொண்ணு லைன்ல இருக்கா."