வியாழன் ஆறு மணி

கட்டடத்துக்கே பொதுவான சலவை அறையில், அவரவர் நேரம் குறிக்கும் பலகையில் இல்வாவின் வீட்டு எண் பில்லை மறுபடி இடம் மாறியிருந்தது.

வியாழன் மாலை ஆறு மணிக்கென்று அவள் மாட்டிய பன்னிரண்டாம் எண், செவ்வாய் காலைக்குப் போயிருந்தது. வியாழனில் ஜம்மென்று தொங்கியது நான்காம் எண். கீழ் வீட்டு மைக்கென். அறுபதை நெருங்கும் பெண் பஸ் டிரைவர்.

"அடுத்தவங்க சலவை நேரத்தைத் திருடுறதா? இந்தக் கட்டடத்துல கொலை பண்ணினாக்கூட மன்னிச்சிடுவோம்!" என்று கொதித்தார் மாடி வீட்டு ரூனே. "போய்க் கேளும்மா, விடாதே."

இல்வா வம்புக்குப் போகிறவள் அல்ல. கை நீட்டும் கணவனிடமிருந்து தப்பி, ஸ்வீடனின் இந்தத் தென்கோடிக்கு வந்து மூன்று மாதம். அவன் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று கதவில்கூடப் பெயர் எழுதவில்லை.

ஆனால் ஒரு விஷயம் அவளைக் குடைந்தது. வியாழன் மாலையில் மெஷின் ஓடும் சத்தமே கேட்பதில்லை. துவைக்காத ஆளுக்கு எதற்கு நேரம்?

அன்று ஆறரைக்கு இறங்கிப் போய் எட்டிப் பார்த்தாள். மெஷின்கள் காலி. கதவைப் பார்த்தபடி ஸ்டூலில் மைக்கென். மடியில் குறுக்கெழுத்து, பக்கத்தில் ஃபிளாஸ்க்.

"ஒரு துணிகூட இல்லை! அப்புறம் எதுக்கு என் நேரத்தைப் பிடுங்கினீங்க?"

"உக்காரும்மா. காபி?"

"காபி வேண்டாம். காரணம் சொல்லுங்க."

மைக்கென் கண்ணாடியைக் கழற்றினார். "நெட்டுல கறை போக்கக் குறிப்பு சொல்ற ஃபோரம் ஒண்ணு இருக்கே, நானும் அதுல இருக்கேன். போன மாசம் ஒருத்தி எழுதியிருந்தா. ‘தப்பி வந்துட்டேன். இப்ப எனக்குன்னு ஒரு நேரம் இருக்கு. வியாழன் ஆறு மணி, கீழ்த்தளச் சலவை அறையில நான் மட்டும். என்ன நிம்மதி!’"

இல்வா கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அதுல என் பேர் இல்லையே. ஊர் பேரும் இல்லை!"

"இந்தப் பலகையோட படம் இருந்ததே. ‘மெஷின்ல பஞ்சை விட்டுட்டுப் போகாதீங்க’ன்னு ஓரத்துல ஒட்டியிருக்கு பாரு, நான் எழுதினது. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? உன் வீட்டு நம்பர் வேற பளிச்னு தெரியுது."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மறுபடி பெட்டியைக் கட்டிடுவியோன்னு பயம்மா. நீ தனியா இருக்கிற நேரம் ஊருக்கே தெரிஞ்சு போச்சு. எவனாவது வந்தா இங்க உனக்குப் பதிலா நான் இருக்கணுமில்ல? முதல்ல அந்தப் படத்தை அழிச்சிடு."

இல்வா போனில் அந்தப் பதிவைத் திறந்தாள். எழுதிய நாளுக்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

கீழே யாரோ புதுப் பெயரில் மூன்று தடவை கேட்டிருந்தான். ‘இது எந்த ஊர்?’

அதற்கு யாரோ பதிலும் போட்டிருந்தார்கள். ‘கிருனா. என் கட்டடம்தான்.’

"இது... யாரு?"

"நான்தான்" என்றார் மைக்கென், காபியை ஊற்றியபடி. "பொய் சொல்றதுன்னு ஆயிடுச்சு, கொஞ்சம் தூரமாவே சொல்லுவோமேன்னு வடகோடியில ஒரு ஊரைச் சொல்லிட்டேன்."