துப்பட்டா கட்டிய கதவு

குடை போன வாரம் தொலைந்தது. அதற்கு முன்னால் ரயில் பாஸ். இன்றைக்கு வீட்டுப் பூட்டு.

செல்லப்பாண்டி விடியுமுன்பே கிளம்பிப் போயிருந்தான். எதை எங்கே வைத்தோம் என்று தெரியாத மனுஷன். முத்துமாரி முணுமுணுத்துக்கொண்டே கதவைத் துப்பட்டாவால் இழுத்துக் கட்டினாள். எதிர்வீட்டு உமைராவிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

“திருடன் வந்தா அந்தத் துப்பட்டாவத்தான்க்கா எடுத்துட்டுப் போவான்” என்றாள் உமைரா.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் செம்பூரில் பை தைக்கும் கம்பெனியில்தான் வேலை. போனஸ் தகராறில் முதலாளி கரண்டை நிறுத்தி வாட்ச்மேனையும் அனுப்பிவிட்டார். கேட்டை மட்டும் பூட்டாமல் சும்மா சாத்தி வைத்தார். அங்கேதான் இருந்தது அவர் மூளை.

கம்பெனி தானாகக் கதவடைத்தால் பாதிச் சம்பளம் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். தொழிலாளி ஸ்ட்ரைக் செய்தால் ஒரு பைசா கிடையாது. கேட் திறந்துதான் கிடக்கிறது, இவர்கள்தான் வேலைக்கு வரவில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். நேரில் பார்க்க இன்று லேபர் ஆபீசர் வருகிறார். இந்த மாத வாடகையே அந்தப் பாதிச் சம்பளத்தில்தான் இருந்தது.

நேற்று சங்கக் கூட்டத்தில் ஆளாளுக்குக் கொதித்தார்கள். செல்லப்பாண்டி வாயே திறக்கவில்லை. வாயில்லாதவனுக்கு வாக்கப்பட்டால் இரண்டு பேர் கோபத்தையும் ஒருத்தியே சுமக்க வேண்டியிருக்கிறது என்று அவளுக்கு அலுப்பாக இருந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது கம்பெனி வாசலில் ஆபீசரின் ஜீப் நின்றிருந்தது. எக்கிப் பார்த்தும் தலைகள்தான் தெரிந்தன. கடைசி வரிசையில் செல்லப்பாண்டி வழக்கம்போலக் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சங்கத் தலைவர் அய்யாத்துரை முன்னாலிருந்து திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

“ஏளா முத்துமாரி, கேட்டப் பூட்டிட்டானுவ. தானா வந்து மாட்டிக்கிட்டான் மொதலாளி.”

அது தங்கள் பூட்டே இல்லை என்று மேனேஜர் ஹிந்தியில் சத்தியம் செய்தார். கேட் உங்களுடையது, பூட்டு மட்டும் ஊரானுடையதா என்று ஆபீசர் கேட்டார். கூட்டம் சிரித்ததில் மேனேஜரின் அடுத்த சத்தியம் யாருக்கும் கேட்கவில்லை. இது கதவடைப்புதான், வேலை தொடங்கும்வரை பாதிச் சம்பளம் உண்டு என்று சொல்லிவிட்டு ஆபீசர் ஜீப்பில் ஏறினார்.

வாடகைக்கு வழி பிறந்தது. தாராவி வரும்வரை முத்துமாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டு வாசலில் துப்பட்டா முடிச்சு அவிழாமல் அடம்பிடித்தபோதுதான் காலைக் கோபம் திரும்பி வந்தது.

“அந்தப் பூட்ட எங்கதான் வச்சிய? நாளைக்கும் துப்பட்டாதானா?”

செல்லப்பாண்டி சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு அவள் காதருகே குனிந்தான்.

“கேட்டுல தொங்குதுல்லா.”