ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே

கையில் ஃபைலோடு ஒரு பெண்மணி உள்ளே நுழைந்ததுமே, ஏணி மேல் நின்றிருந்த எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "இன்னைக்கு மின் இன்ஸ்பெக்டர் வருவாங்க. லேடி ஆபீசராம், ரொம்பக் கண்டிப்பாம்" என்று சொல்லிவிட்டுத்தான் காப்பகத்தின் ஓனரம்மா காலையில் திரைச்சீலை வாங்கப் போயிருந்தார்.

"ஓனரம்மா இல்லீங்களா? நான் வந்து..."

"எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும் மேடம். தாராளமாப் பாருங்க" என்று மடமடவென்று இறங்கினார்.

திங்கட்கிழமை திறக்கவிருக்கும் குழந்தைகள் காப்பகம் அது. சுவரில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. தலைக்கு மேலே வெள்ளை வெளேரென்று ஃபால்ஸ் சீலிங்.

அந்தப் பெண்மணி அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மதியம் குழந்தைங்க எங்க தூங்குவாங்க?"

"இந்த ரூம்லதான் மேடம்."

"ஜன்னல் ஓரமா இடம் கிடைக்குமா?"

எலக்ட்ரீஷியன் பொத்தாம்பொதுவாகத் தலையாட்டி வைத்தார். இதையெல்லாமா ஆபீசர்கள் கேட்பார்கள்?

அந்தப் பெண்மணி அண்ணாந்து பார்த்தார். "மேல என்னங்க, வண்டு மாதிரி சத்தம்?"

மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்துவிட்டது. இனி மறைத்துப் பிரயோஜனமில்லை.

"ஏ.சி. தண்ணிய வெளிய தள்ளுற சின்ன மோட்டார், மேடம். மேலயே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு அதுல ப்ளக்கைச் சொருகி விட்டுட்டேன். தப்புதான்."

"அது ஏன் தப்பு?"

வாய்மொழித் தேர்வு போலிருக்கிறது என்று அவர் கடகடவென்று ஒப்பித்தார். "ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல தொங்கற வயர், ப்ளக் எதுவும் கூடாது மேடம். பைப்புக்குள்ள வயர் இழுத்து, நேரா மோட்டார்ல கொடுக்கணும். அணைக்கறதுக்குப் பக்கத்துலயே ஒரு சுவிட்ச் இருக்கணும்."

"இல்லைன்னா?"

"ப்ளக் லூஸாகி சூடேறும். மறைவா இருக்கறதால யாருக்கும் தெரியாது. புகை வந்தப்புறம்தான்..."

அந்தப் பெண்மணியின் முகம் வெளுத்துவிட்டது. "இதுக்குக் கீழயா தூங்க வைப்பாங்க?"

"யாரு ஏறிப் பாக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன் மேடம்." சொல்லும்போதே அவருக்குக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு நாளாக அவர் சீலிங்கைத்தான் பார்த்திருந்தார். அதன் கீழே யார் படுப்பார்கள் என்று யோசித்ததே இல்லை.

"இப்பவே மாத்துங்க. நான் இங்கயே இருக்கேன்."

சொன்னபடியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் மேலே ஏறினார். பைப் அடித்து, வயர் இழுத்து, சுவிட்சைப் பொருத்தி முடிக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழற்றி எடுத்தபோது, ப்ளக் சொருகியிருந்த ஓட்டையைச் சுற்றி லேசாகப் பழுப்பேறியிருந்தது. அதை அவரிடம் காட்டினார்.

அந்தப் பெண்மணி ஏணியில் நாலு படி ஏறி, டார்ச் அடித்து உள்ளே நன்றாகப் பார்த்துவிட்டு இறங்கினார். "இப்ப எனக்கு நிம்மதி."

எலக்ட்ரீஷியனுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. மின் பாதுகாப்புச் சான்றிதழை எடுத்துப் பேனாவோடு நீட்டினார். "ஒரு கையெழுத்து, மேடம்."

அந்தப் பெண்மணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்குங்க? அட்மிஷன் ஃபாரம் குடுங்க, போடறேன். பொண்ணுக்கு வர்ற மாசம் ரெண்டு வயசு."