வெளியே போகாத படம்

"நெட்டு வேணாம்பா. யாரு போனுக்கும் படம் போவக் கூடாது. வூட்டுக்குள்ள மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார் பக்கிரிசாமி.

கரிக்கலாம்பாக்கத்தில் நாலு காணி கரும்பு போடுகிறவர். வாசலில் ஏற்கெனவே ஒரு வீடியோ பெல் இருந்தது, மகன் ராஜ்மோகன் மாட்டியது. யார் அமுக்கினாலும் சேதராப்பட்டு கம்பெனியில் வேலை பார்க்கும் அவன் போனில் முகம் வந்துவிடும்.

"இத்தக் கழட்டிடு. மழையில போச்சின்னு சொல்லிக்கிறேன்."

நல்ல பொருளாச்சே என்று எனக்கு வயிற்றெரிச்சல். வில்லியனூரில் பத்து வருஷமாக பெல், கேமரா மாட்டும் கடை வைத்திருக்கிறேன், இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை. ஒயர் மாடல் கொண்டுவந்தேன். வாசலில் கேமரா, கூடத்தில் திரை, நடுவில் ஒரே ஒயர். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். ஆப்பும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

வந்தவர் படத்தைப் பதிந்துவைக்கும் மெமரி கார்டும் வேண்டாம் என்றார். சரியான கஞ்சன் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை முழுக்க வாசலிலேயே கிடந்தேன். மத்தியானம் கூடத்துக்கு வந்து திரையை ஆன் செய்தேன். நான் போய் அமுக்கிப் பார்க்கும் முன்பே பெல் அடித்தது.

திரையில் ஒரு இளம்பெண். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள்.

படம் எவ்வளவு தெளிவு பாருங்க என்று பெருமையடிக்கத் திரும்பினேன்.

எதிர்ச் சுவரில் அதே முகம். சந்தன மாலை, கீழே சிவப்பு பல்பு. செல்வகுமாரி என்று பெயர். அடியில் எழுதியிருந்த மறைவுத் தேதிக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பட்டப்பகலில் கையிலிருந்த திருப்புளியைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் திரும்பினேன். ஓடப் போனவனைக் கிழவர் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாத. எம்பொண்ணுதான், உசுரோடதான் இருக்கறா. இஷ்டப்பட்டவனக் கட்டிக்கினா. ஊரெல்லாம் கண்ணீர் அஞ்சலி பேனர் வெச்சி கருமாதி பண்ணிட்டோம். மறைவுத் தேதிய நாந்தான் சொன்னேன்."

அமாவாசைக்கு அமாவாசை அவள் வந்து நிற்பாளாம். போன அமாவாசைக்கு அவள் பெல்லை அமுக்கிய அரை மணியில் ராஜ்மோகன் பைக்கில் வந்து இறங்கினானாம், கையில் கொடுவாளோடு. அதற்குள் அவள் பஸ் ஏறியிருந்தாள். அது அவளுக்கு இன்னும் தெரியாது.

சுற்றிலும் கல் நட்ட காலி மனைகள். பார்க்க ஒரு குஞ்சு குளுவான் இல்லை. கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுங்களேன் என்றேன்.

"எள்ளும் தண்ணியும் எறச்ச கைப்பா இது. தாப்பா கிட்டப் போவ மாட்டேங்குது."

"யப்பா..." என்றது திரை.

பேசும் பொத்தானைக் காட்டினேன். அவர் உடனே அமுக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். சட்டையின் மேல் பித்தானைப் போட்டார். தலையைக் கையாலேயே வாரிக்கொண்டு திரைக்கு நேரே வந்து நின்று அமுக்கினார்.

"நல்லாப் பாத்துக்க கண்ணு. கொஞ்சம் எளச்சிட்டேன், அவ்ளோதான்."

வெளியே நிற்கிறவரை நாம் பார்க்கலாம். அவர்களுக்கு நம் குரல் மட்டும்தான் கேட்கும், முகம் தெரியாது.

அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.