மழை நாளில் அடித்த வெயில்

“எந்த சூரியன்டி வந்து எம் புருசனச் சுட்டுச்சு? சொல்லு!”

செங்கொடி மேசையில் ஓங்கி அடித்தாள். ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ரெஜினா திடுக்கிட்டு எழுந்தாள்.

நோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய கோடு நம்பரைப் போடுவது ரெஜினாவின் வேலை. செங்கொடியின் புருஷன் பீம்ராவுக்கு அவள் போட்டது எக்ஸ் முப்பது. அதாவது, வெயில் சூடு.

பீம்ராவ், திருவொற்றியூரில் இரும்பு உருக்கும் கம்பெனியில் உலைக்கு முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நின்று, அங்கேயே சுருண்டு விழுந்தவன். கம்பெனி வண்டியில் கொண்டுவந்து போட்டார்கள். கிட்னி இரண்டும் போய் ஐசியுவில் கிடக்கிறான். ‘ஆஸ்பத்திரியே வெயில்னு சொல்லிடுச்சு, எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று கம்பெனி கையை விரித்துவிட்டது.

“அன்னிக்கு விடிகாலைல புடிச்ச மழை வுடவே இல்ல! காலடிப்பேட்டைல முட்டிக்கால் தண்ணி. அதுல வெயிலாம்! ஏசி ரூம்ல குந்திகினு இன்னா வேணா தட்டுவியா?”

“அக்கா, நான்...”

“கம்பெனிக்காரன் எவ்ளோ வெட்டுனான்?” கூட வந்திருந்தவர் குறுக்கே பாய்ந்தார். “நான் யாருன்னு நெனச்ச? சங்கச் செயலாளர் அப்பாவு! நேத்துதான் எனக்கு விசயமே தெரியும். ஏழை உசுருன்னா எளக்காரமா கீதா? நாளைக்கு நூறு பேர இட்டாந்து வாசல்ல குந்த வெப்பேன்!”

செங்கொடிக்கு, இந்த மனுஷனாவது நமக்கென்று வந்தாரே என்றிருந்தது.

ரெஜினா ஒரு நிமிஷம் அப்பாவுவைப் பார்த்துவிட்டு செங்கொடி பக்கம் திரும்பினாள்.

“உலைச் சூடுன்னா டபிள்யூ தொண்ணூத்திரண்டுக்கா. அதைத்தான் போடணும்னு எனக்கும் ஆசை. ஆனா கேஸ் ஷீட்ல இல்லாததை நான் போடக்கூடாது. மழையில ஏது வெயில்னு டாக்டருக்கு ரெண்டு தடவை எழுதிக் கேட்டேன். ‘வெயில்ல மயங்கினார்’னு கம்பெனி லெட்டர் குடுத்திருக்கு, கூட வந்தவர் சாட்சிக் கையெழுத்தும் இருக்கு, நான் என்ன பண்றதுன்னுட்டார்.”

“அப்போ மாத்தவே முடியாதா?”

“முடியும்க்கா. கையெழுத்துப் போட்டவரே வந்து, உலைகிட்டதான் விழுந்தாருன்னு எழுதிக் குடுத்தா டாக்டர் திருத்துவார். நான் இன்னிக்கே நம்பரை மாத்திடுவேன்.”

“வாம்மா, இதுங்ககிட்ட இன்னா பேச்சு? கோர்ட்ல பார்த்துக்கலாம்!” அப்பாவு வாசல் பக்கம் நகர்ந்தார்.

செங்கொடி நகரவில்லை. முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“எவன் அந்தப் பேமானி? பேரச் சொல்லு பொண்ணே. எந்தச் சந்துல பூந்துகினு இருந்தாலும் சட்டையப் புடிச்சு இஸ்துகினு வரேன்!”

ரெஜினா அப்பாவுவையே பார்த்தாள். அவராகவே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவர் அடிக்காத செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

ரெஜினா கேஸ் ஷீட்டிலிருந்த அந்தக் கடிதத்தை உருவி, செங்கொடி பக்கம் திருப்பி வைத்தாள்.

“அவ்வளவு தூரம் போக வேணாம்க்கா. உங்க கூடத்தான் வந்திருக்காரு.”